சுண்ணாம்பு டப்பியில் வந்த கல்

ஆஸ்பத்திரியில் உனக்கு என்ன வேலை என்று யார் கேட்டாலும், கல் உடைக்கிறேன் என்றுதான் அப்போதெல்லாம் சொல்வேன். அது பொய்யும் இல்லை. எழுபதுகளில் தூத்துக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் லேபில் நான் வேலை பார்த்தேன். கெமிஸ்ட்ரி படித்தவள். நாசரேத்திலிருந்து காலையில் பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் வீடு. எனக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம் அது. பெண் மூத்திரம் பார்க்கிற வேலையில் இருக்கிறாள் என்று மட்டும் வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள் என்று என் சித்தி அம்மாவைக் கெஞ்சுவாள். பெண் பார்க்க வந்த ஒரு வீட்டாரிடம் நானே அதைச் சொல்லிவிட்டேன். அவர்கள் காப்பியைக்கூட முழுசாகக் குடிக்காமல் எழுந்து போனார்கள். எனக்குச் சந்தோஷம்தான்.

எங்கள் சர்ஜனுக்குக் கல் என்றால் பைத்தியம். சிறுநீரகத்திலிருந்தும் மூத்திரப்பையிலிருந்தும் எடுத்த கல், தானாக விழுந்த கல் எல்லாவற்றையும் மாத்திரை புட்டியில் பஞ்சு வைத்துப் போட்டு எனக்கு அனுப்புவார். நான் அதைக் கழுவி, காயவைத்து, பிளேடால் குறுக்கே அறுத்து, வெளித்தோல் எது, நடு எது என்று பிரித்து, தனித்தனியாகப் பொடித்துப் பார்க்க வேண்டும். எந்த உப்பு முதலில் படிந்தது, அதன்மேல் எது வந்து உட்கார்ந்தது என்று தெரிந்தால்தான் ஏன் வந்தது என்று தெரியும் என்பார். நல்ல மனிதர். அவரிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் வருகிறேன்.

கல்லில் பல ஜாதி உண்டு. சுண்ணாம்புக்கட்டி மாதிரி வெள்ளையாக உதிர்வது பாஸ்பேட். வழவழவென்று மஞ்சளும் காவியுமாக இருப்பது யூரிக் அமிலம். பார்த்தாலே பயம் வருவது ஆக்சலேட். நெருஞ்சிக்காய் மாதிரி சுற்றிலும் முள். அது எந்த வழியாக இறங்கி வந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்கு அடிவயிறு கூசும். தோணிக்காரர்கள், பனையேறிகள், கடைக்காரர்கள் என்று எல்லாரிடமிருந்தும் கல் வந்தது. ஆனால் உப்பளத்துப் பெண்களிடமிருந்து வந்த மாதிரி வேறு யாரிடமிருந்தும் வரவில்லை. அதுவும் ஒரே அச்சில் வந்தன: நடுவில் யூரிக் அமிலம், மேலே முள்ளாக ஆக்சலேட். இந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரின் குணம் அப்படி என்று சர்ஜன் முதலில் நினைத்தார். நானும் கிணற்றுத் தண்ணீராகக் கொண்டுவந்து சோதித்துக்கொண்டிருந்தேன். அதே கிணற்றில் தண்ணீர் எடுக்கிற பள்ளிக்கூட வாத்தியார் வீட்டில் ஏன் யாருக்கும் கல் வரவில்லை என்று எனக்குள் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

அப்போதுதான் உப்பளத்து அக்கா ஒருத்தி வந்தாள். நாற்பது வயது இருக்கலாம். அளத்தில் உப்பு சுமந்து தலையின் உச்சியில் முடி தேய்ந்திருந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்டவர் எல்லாரும் அவளுக்கு டாக்டர்தான். நான் டாக்டர் இல்லை என்று பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

நடந்தது இது. மாதக்கணக்காக அவளுக்கு இடுப்பில் வலி. விலாவிலிருந்து தொடை வரைக்கும் இழுத்துப் பிடிக்கும். தலைச்சுமையோடு வரப்பிலேயே உட்கார்ந்துவிடுவாள். மூத்திரம் ரத்தமாகப் போனது. ஒருநாள் விடியும் முன்னே, வேலை தொடங்குவதற்கு முன்பு, வரப்பின் மறைவில் ஒதுங்கியபோது உயிர் போகிற வலியோடு ஒரு கல் விழுந்தது. அதை எடுத்துக்கொண்டு கங்காணியிடம் போய், இனி என்னால் சுமக்க முடியாது, சாக்குத் தைக்கிற ஷெட்டில் போடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். ஷெட் ரோட்டோரம் இருக்கிறது. மேலே கூரை உண்டு, பக்கத்தில் வீடுகள் உண்டு. கங்காணி அவளை உப்புக் கம்பெனியின் டாக்டரிடம் அனுப்பினான். சில நாள் கழித்துத்தான் டாக்டர் வந்தார். கல்லை வாங்கிப் பார்த்தார். மூத்திரத்தில் ஆல்புமின் பார்க்க வைத்திருக்கிற அமிலத்தில் ஒரு சொட்டு விட்டார். புஸ்ஸென்று நுரைத்தது. சிரித்துவிட்டாராம். இது கல் இல்லை, சிப்பித் துண்டு, கடற்கரையில் பொறுக்கிக்கொண்டு வந்து ஏமாற்றப் பார்க்கிறாய் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எங்கள் கரையில் இது எல்லாருக்கும் தெரிந்த வித்தை. சங்கோ சிப்பியோ எதுவானாலும் எலுமிச்சம்பழம் பிழிந்தால் நுரைக்கும். சின்னப் பிள்ளைகள்கூட விளையாட்டுக்குச் செய்யும். அதனால் டாக்டர் சொன்னதை அளத்தில் யாரும் சந்தேகப்படவில்லை. எடை போடுகிற இடத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி கங்காணி இதைச் சொல்லி, அவளுக்குச் சிப்பிக்காரி என்று பேரும் வைத்துவிட்டான். இன்னொரு தடவை இப்படிப் பொய் சொல்லிக்கொண்டு வந்தால் வேலையை விட்டே நிறுத்திவிடுவோம் என்றும் சொல்லியாகிவிட்டது. அவள் புருஷன் தோணியில் கொழும்புக்குப் போகிறவன். போனால் வருகிற வரைக்கும் வீடு இவள் கையில்தான். வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, அவள் என்னிடம் நியாயம் கேட்கவில்லை. கேட்டது வேறு.

"டாக்டரம்மா, அவுக சொல்லுத மாதிரி சிப்பிதானோ? நான் பொறுக்கிட்டு வரல. எனக்குள்ள இருந்துதான் விழுந்துச்சு. மட்டிச் சிப்பி நெறைய திம்பேன். முத்து வளருத மாதிரி உள்ளுக்குள்ள வளந்துருக்குமோ?"

ஏமாற்றுக்காரி என்று பேர் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். இவளோ, படித்தவர் சொன்னால் பொய்யாக இருக்காது என்று நம்பி, தன் வயிற்றுக்குள் சிப்பி எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். மனுஷர் உடம்பில் சிப்பி வளராது அக்கா, கல்லைக் கொடு பார்ப்போம் என்றேன்.

அவள் இடுப்புச் செருகலை அவிழ்த்து ஒரு தகர டப்பியை எடுத்தாள். கட்டைவிரலால் மூடியைத் தள்ளினாள். உள்ளே சுண்ணாம்பு! வெற்றிலைக்குத் தடவுகிற ஈரச் சுண்ணாம்பு. அதற்குள் விரலை விட்டுத் துழாவி, வெள்ளைப் பூச்சோடு கல்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

ஏன் இதில் போட்டாய் என்று கேட்டேன். விழுந்தபோது மூடி உள்ள சாமானாக அவளிடம் இருந்தது அது ஒன்றுதான் என்றாள். முந்தானையில் முடிந்தால் சுமை தூக்கும்போது அவிழ்ந்து உப்புக்குள் விழுந்துவிடும், அப்புறம் தேட முடியுமா என்றாள். சரிதானே? அளத்துக்குப் போகிற எந்தப் பெண்ணும் அதைத்தான் செய்திருப்பாள். சுண்ணாம்பில் நாள்கணக்காகக் கிடந்த கல்லின்மேல் சுண்ணாம்புதான் காற்றுப்பட்டு ஓடு கட்டியிருக்கும். அமிலம் விட்டால் அந்த ஓடு நுரைக்காமல் என்ன செய்யும்?

கம்பெனி டாக்டர் முன்னாலும் இந்த டப்பியிலிருந்துதான் எடுத்தாயா என்று கேட்டேன். ஆமா, அவுக மேசை மேலேயே வச்சுத்தான் தொறந்தேன் என்றாள். எனக்கு அந்த நிமிஷம் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் என்னைவிட அதிகம் படித்தவர். சுண்ணாம்பு நுரைக்கும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். டப்பி கண்முன்னால் இருந்தது. அவர் டப்பியைப் பார்க்கவில்லை, கல்லையும் பார்க்கவில்லை. அளத்துக்காரி பொய் சொல்வாள் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது, அமிலம் ஒரு சாக்கு.

அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, அவள் பார்க்கப் பார்க்கவே எல்லாம் செய்தேன். பொதுவாக நோயாளிகளை லேபுக்குள் விடமாட்டோம். அன்றைக்கு விட்டேன். வெள்ளைப் பூச்சைச் சுரண்டி, லேசான அசெட்டிக் அமிலத்தில் போட்டேன். நுரைத்தது. அவள் முகம் வாடியது. பொறு என்று சொல்லி, நுரை அடங்கும் வரை கழுவினேன். பூச்சு போனதும் உள்ளேயிருந்து கறுத்த பழுப்பில் முள் எட்டிப் பார்த்தது. நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்து அறுத்தேன். நடுவில் கடுகளவுக்கு மஞ்சளாக ஒரு புள்ளி.

முள் பாகத்தைப் பொடித்து, கடுமையான அமிலத்தையே விட்டேன். கரைந்தது, ஆனால் ஒரு குமிழிகூட வரவில்லை. பாத்தியா அக்கா, சிப்பியா இருந்தா இப்போ பொங்கியிருக்கணும் என்றேன். இன்னொரு சிட்டிகையைக் கந்தக அமிலத்தில் சூடாக்கி, பர்மாங்கனேட்டை ஒவ்வொரு சொட்டாக விட்டேன். ஊதா நிறம் விழுந்த இடத்திலேயே காணாமல் போனது. அது ஆக்சலேட்டுக்கு அடையாளம். கடைசியாக நடுவில் இருந்த மஞ்சள் பொடி. அதைப் பீங்கான் கிண்ணத்தில் வைத்து நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் மெல்லக் காயவைத்தேன். செம்மஞ்சளாகத் தடம் விழுந்தது. அம்மோனியா தொட்டதும் நாவல்பழச் சாறு சிந்தின மாதிரி கருஞ்சிவப்பாக மாறியது. யூரிக் அமிலம். கடலில் இருக்கிற எந்தச் சிப்பியை அறுத்தாலும் இந்த நிறம் வராது.

அவள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போ நான் பொய் சொல்லல என்றாள், என்னிடம் இல்லை, தனக்குத்தானே. ஒரு மனுஷி தான் பொய் சொல்லவில்லை என்று தெரிந்துகொள்ள நாலு அமிலமும் ஒரு விளக்கும் வேண்டியிருக்கிறது பாருங்கள்.

சர்ஜன் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். இடது சிறுநீரகத்தில் இன்னொரு கல் இருந்தது. இப்போது சின்னதாக இருக்கிறது, இப்படியே வெயிலில் போனால் வளரும், வளர்ந்தால் சிறுநீரகத்தையே எடுக்க வேண்டிவரும் என்றார். அவளை நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மாற்ற வேண்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நானே அவளைக் கூட்டிக்கொண்டு கம்பெனி டாக்டரிடம் போனேன். சோதித்த கல்லின் மீதிப் பாதியையும் எடுத்துப் போனேன். அவர் பார்த்தார். அட, அப்படியா என்றார். அவ்வளவுதான். ஊர் கூடியிருந்த இடத்தில் ஒருத்திக்குப் பொய்க்காரிப் பேர் வரக் காரணமானவர், மூடிய அறைக்குள் அட அப்படியா என்றார். எழுந்து வந்து கங்காணியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டேன். அதெல்லாம் அவனுக்கே தெரிந்துவிடும் என்றார்.

பிறகு பெரிய மனது பண்ணி அவளுக்கு ஒரு புத்தி சொன்னார். நிறையத் தண்ணீர் குடி, காலையிலிருந்து சாயங்காலம் வரை குடித்துக்கொண்டே இரு, உங்கள் ஆட்களுக்குத் தண்ணீர் குடிக்கிற பழக்கமே கிடையாது, அதுதான் வினை என்றார். அவள் தலையை ஆட்டினாள். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றதும்தான் வாயைத் திறந்தாள்.

"குடிச்சா எங்கன போவ டாக்டரம்மா? அங்கன ஒரு செடி உண்டா? எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆம்பள நிக்கான். அதனாலதான் விடியுமுன்ன ஒருக்கா ஒதுங்கினா, பெறவு வீட்டுக்கு வந்துதான். வாய நனைக்கதோட சரி. கொமரியளுக்கு அதுகூட இல்ல."

எத்தனை கிணற்றுத் தண்ணீரைச் சோதித்திருப்பேன்! கால்சியம் எவ்வளவு, மெக்னீசியம் எவ்வளவு என்று மாய்ந்து மாய்ந்து பார்த்தேனே. அந்தத் தண்ணீர் இவர்கள் வயிற்றுக்குள் போயிருந்தால்தானே? கண் கூசுகிற உப்புவெளி, மேலே வெயில், கீழே வெயில், உடம்பில் உள்ளதெல்லாம் வேர்வையாகப் போகிறது, மிச்சம் இருக்கிறது இறுகாமல் என்ன செய்யும்? கம்பெனிக்குப் பத்து ஓலையும் நாலு கம்பும் நட்டு ஒரு மறைப்புக் கட்ட மனம் இல்லை. அதற்குப் பேர் பழக்கம். இவர்களுடைய பழக்கம்! அந்த ஆளிடம் திரும்பிப் போய் இதைக் கேட்கத்தான் போனேன். அவர் கார் ஏறிப் போய்விட்டிருந்தார்.

ஒரு வாரம் கழித்து அவள் மறுபடி லேபுக்கு வந்தாள். ஷெட்டில் போட்டார்களா என்று கேட்டேன். இல்லை, வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள் என்றாள். கல் உண்மை என்று கம்பெனி டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டாராம். நோய் உண்மை என்றால் அவள் வேலைக்கு லாயக்கில்லை, அன்ஃபிட். ஷெட்டில் சுமக்க வேண்டாம்தான், ஆனால் அங்கே ஆள் இருக்கிறது. கல் பொய்யாக இருந்தபோது திட்டு வாங்கிக்கொண்டாவது வேலை இருந்தது. அதை உண்மை என்று நான் நிரூபித்தேன், வேலை போனது. என்ன நியாயம் இது? நான் சர்ஜனிடம் அரைநாள் லீவு கேட்டேன். எதற்கு என்று கேட்டுவிட்டு, முழுநாளே எடுத்துக்கொள் என்றார்.

அளம் வரைக்கும் டவுன் பஸ் போகாது. இறங்கி இருவரும் நடந்தோம். பாத்தி பாத்தியாக வெள்ளை. பெண்கள் வரிசையாக ஓலைப்பெட்டியில் உப்பைச் சுமந்து, குவித்து வைத்த அம்பாரத்துக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். அவள் சொன்னது கூடுதல் இல்லை, குறைவுதான். கண்ணுக்கெட்டிய வரை முழங்கால் உயரத்துக்கு மேல் ஒன்றும் இல்லை, மனுஷரைத் தவிர.

மேனேஜர் என்னை நன்றாகவே வரவேற்றார். எல்லாரும் அண்ணாச்சி என்று கூப்பிடுகிற மனிதர், மரியாதை தெரிந்தவர். நாற்காலி போட்டு, ஃபேனை என் பக்கம் திருப்பி, பையனை அனுப்பிக் கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். அந்த அக்கா வாசலில் வெயிலில் நின்றாள். அவளை யாரும் உள்ளே கூப்பிடவில்லை, நான் கூப்பிட்டும் அவள் வரவில்லை. லாரி ஒன்று பாரம் ஏற்ற வந்ததால் அவர் இடையில் எழுந்து போனார், நான் கலரைக் குடித்துவிட்டுக் காத்திருந்தேன், வெகுநேரம் ஆனது. திரும்பி வந்ததும் எல்லாம் சொன்னேன். கல்லைப் பற்றி, இன்னொரு கல்லைப் பற்றி, மறைப்பு ஒன்று கட்டிக் கொடுத்தால் பாதிப் பேருக்கு இது வராது என்பதைப் பற்றி. அவர் நிதானமாகக் கேட்டார். மறைப்புக் கட்டினால் ஆளாளுக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு கதை பேசுவார்கள், வேலை ஓடாது என்றார். இவளைப் பற்றி, முடிவு மேலிடத்தில் எடுத்தது, தன் கையில் இல்லை என்றார். என்னிடம் கோபப்படவேயில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

குடித்த கலர் வேலையைக் காட்டியது. நான் கூச்சப்படாமல் பாத்ரூம் இருக்கிறதா என்று கேட்டேன். தாராளமாகப் போங்கம்மா என்று, ஆணியில் தொங்கின சாவியை அவரே எடுத்துக் கொடுத்தார். ஆபீஸ் பின்பக்கம் சுண்ணாம்படித்த கட்டடம். உள்ளே குழாய், வாளி, சோப்பு. கதவுக்குப் பூட்டு வேறு. இந்தப் பெரிய அளத்தில் பூட்டி வைத்திருந்தது அந்த ஒரு கதவைத்தான்.

போய்விட்டு வந்தேன். சாவியை அவரிடம் கொடுக்கவில்லை. வாசலில் நின்ற அந்த அக்காவிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. மேனேஜர் எழுந்துவிட்டார்.

"அது ஸ்டாஃபுக்கு உள்ளதும்மா" என்றார்.

"நான் உங்க ஸ்டாஃபா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "வெளியாளுக்குச் சாவி குடுத்தீங்கள்லா. இந்த அக்காவ நீங்க வேலைய விட்டு நிறுத்திட்டீங்க. இனிமே அவளும் என்னை மாதிரி வெளியாள்தான்."

சாவியை அவள் கையில் வைத்து விரலை மடக்கினேன். அவள் ஒருமுறை அண்ணாச்சியைப் பார்த்தாள், ஒருமுறை என்னைப் பார்த்தாள், பிறகு நடந்தாள். எடை போடுகிற இடத்தில் நின்ற பெண்கள் சுமையை இறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கங்காணி அதட்டினான், அவர்கள் அசையவில்லை.

திரும்பி வந்தவள் முகம் கழுவியிருந்தாள். சாவியை ஆணியில் அவளே மாட்டினாள். ஆபீஸ் மூலையில் ஆபீஸ்காரர்களுக்காக ஒரு மண்பானை இருந்தது. கேட்கவேயில்லை. செம்பை எடுத்து முக்கி, அண்ணாந்து குடித்தாள். மறுபடி முக்கிக் குடித்தாள். தண்ணீர் கழுத்து வழியாக ரவிக்கை வரைக்கும் வழிந்தது, அவள் துடைக்கவில்லை. அத்தனை வருஷம் அந்த அளத்தில் உப்பு சுமந்தவள், பகல் வெயிலில் அங்கே வயிறு நிறையத் தண்ணீர் குடித்தது வேலை போன பிறகுதான்.